மலைச்சிகரம் விட்டு நெய்யூர் வந்த மருத்துவ ஆய்வாளர்: தியோடர் ஹோவர்ட் சோமர்வெல்

ஞானியார் பீர்முகம்மது அப்பா அடங்கியுள்ள தக்கலையிலிருந்து குளச்சல் துறைமுகம் நோக்கிச் செல்லும் வழியில், சில கல் தொலைவில் அமைந்துள்ள சிற்றூர் நெய்யூர். இன்று அவ்வழியே பேருந்தில் செல்லும் மாணவர்களுள் பலர், சாலையோரத்து மருத்துவமனையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தம் பேச்சைத் தொடர்வர். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், தெற்கே குமரிமுனை முதல் வடக்கே நெடுந்தொலைவு வரை வயிற்று நோயால் துடித்தவர்களுக்கு அவ்வூரின் பெயரே ஓர் ஆறுதலாக விளங்கிற்று. அதற்குக் காரணமாயிருந்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் ஆவார்.

உலகம் அன்னாரை எவரெஸ்ட் ஏறச் சென்ற வீரராகவே நினைவில் வைத்திருக்கிறது. மலையேற்ற நூல்களில் அவர் பெயர் இடம்பெறாத நூல் அரிது. ஆயினும் அம்மலையில் அவர் கழித்த காலம் சில திங்கள்களே. நம் நாஞ்சில் மண்ணில் அவர் கழித்ததோ ஏறத்தாழ கால் நூற்றாண்டு. அந்தக் கால் நூற்றாண்டும் அவர் விடாது துரத்திய கேள்வி ஒன்று உண்டு. இந்த நாட்டு ஏழையின் வயிற்றில் மட்டும் ஏன் இத்தனை புண் என்பதே அக்கேள்வி. மலையேறியைப் பற்றி எழுதியோர் பலர்; அந்தக் கேள்வியைப் பற்றி எழுதியோர் சிலரே. ஆகவே இக்கட்டுரை பெரிதும் அக்கேள்வியைச் சுற்றியே செல்லும்.

சோமர்வெல் 1890ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இங்கிலாந்தின் வடமேற்கில், ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த பகுதியின் வாயிலான கெண்டல் நகரில் பிறந்தார். குடும்பத் தொழில் காலணி உற்பத்தி. செல்வத்துக்குக் குறைவில்லை. ரக்பி பள்ளியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்று, இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். ஓவியம் தீட்டுவார்; இசையிலும் வல்லவர். இத்தகைய ஒருவர் இலண்டனில் புகழ்பெற்ற அறுவை மருத்துவராகி, நல்ல ஊதியமும் நல்ல வீடும் பெற்று வாழ்ந்து முடிந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழாமைக்கு முதற்காரணம் போர்.

முதல் உலகப் போரில் அவர் இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து பிரான்சில் பணியாற்றினார். 1916ஆம் ஆண்டு சோம் ஆற்றங்கரையில் நடந்த பெரும்போரின்போது, அறுவைக் கூடாரத்துக்கு வெளியே வயல் முழுவதும் காயமுற்ற வீரர்கள் தூக்குப் படுக்கைகளில் கிடத்தப்பட்டிருந்தனர். மருத்துவர்கள் மிகச் சிலர், காயமுற்றோர் நூற்றுக்கணக்கில். இடையிடையே கிடைத்த சிறிது நேரத்தில் சோமர்வெல் அந்த வரிசைகளுக்கிடையே நடந்து செல்வார். என்னை முதலில் கவனியுங்கள் என்று அவர்களுள் ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை. அந்த மௌனம் அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. போர் என்பதையே வெறுக்கும் மனத்தினராக அவர் திரும்பினார். 1920இல் அறுவை மருத்துவர்களுக்குரிய உயர் தகுதியான எஃப்.ஆர்.சி.எஸ். பெற்றார்.

1922இல் எவரெஸ்ட் சிகரத்தை எட்டச் சென்ற பிரிட்டிஷ் குழுவில் இடம் கிடைத்தது. மாலரி, நார்ட்டன் ஆகியோருடன் செயற்கை உயிர்வளியின் துணையின்றி 26,985 அடி வரை ஏறினார். அதுவரை மலையேறியோர் எவரும் அவ்வுயரத்தை எட்டியதில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூன் 7ஆம் நாள் மூன்றாம் முயற்சியின்போது பனிச்சரிவு ஏற்பட்டு, சுமைதூக்கி வந்த மலைவாழ் தொழிலாளர் எழுவர் மாண்டனர். வெள்ளையர் ஒருவரும் இறக்கவில்லை. தம்முள் ஒருவரேனும் அவர்களோடு மாண்டிருந்தால், இழப்பில் தாமும் பங்குகொண்டோம் என்பதை அம்மக்களுக்குக் காட்டியிருக்கலாமே என்று சோமர்வெல் ஏங்கினார். இந்த ஏக்கத்தை அவர் பின்னாளில் தம் நூலில் மறைக்காமல் பதிவு செய்துள்ளார். ஆட்சி செய்யும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் அந்நாளில் இவ்வாறு எண்ணியதே அரிது.

மலையிலிருந்து இறங்கியவர் உடனே தாயகம் திரும்பவில்லை. இந்தியாவைச் சுற்றிப் பார்க்க விரும்பி வடக்கிலிருந்து தெற்கு வரை பயணம் செய்தார். அப்பயணத்தின் கடைசிப் பகுதியில் அவர் வந்து சேர்ந்த இடமே நெய்யூர்.

நெய்யூர் மருத்துவப் பணியின் வரலாறு 1838இல் இலண்டன் மிஷன் அனுப்பிய டாக்டர் ராம்சேயிடமிருந்து தொடங்குகிறது. சோமர்வெல் வந்தபோது அங்கே டாக்டர் பியூ என்பவர், நாள்தோறும் வந்து குவியும் நோயாளிகளைச் சமாளிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். சுற்றிப் பார்க்க வந்தவர் கத்தியைக் கையிலெடுத்தார். சில நாட்கள் அறுவை செய்தார். இலண்டனில் தாம் பயின்ற மருத்துவமனையில் அவருக்கென்று ஒரு பணியிடம் காத்திருந்தது. அங்கே தாம் இல்லாவிடில் அவ்விடத்துக்கு வேறொருவர் வருவார். இங்கே தாம் இல்லாவிடில் எவரும் வரமாட்டார் என்று அவருக்குத் தோன்றிற்று. கணக்கு மிக எளியது. ஊருக்குத் திரும்பிப் பயண ஏற்பாடுகளை முடித்து, 1923இல் நெய்யூரிலேயே வந்து அமர்ந்துவிட்டார்.

அவர் கிறித்தவ மறைப்பணியாளராகவே வந்தார் என்பதை மறைப்பதற்கில்லை, அவரும் மறைத்ததில்லை. இதனால் அன்னாரைப் பற்றிப் பேச நம் சமுதாயப் பெரியோர் சிலர் தயங்குவதும் உண்டு. ஆனால் நோயுண்டேல் அதற்கு மருந்தும் உண்டு என்னும் நம்பிக்கையைத் தம் மார்க்கத்தின் பகுதியாகக் கொண்டவர்கள் நாம். இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூலைக் கிறித்தவ ஐரோப்பா பல நூற்றாண்டுகள் பாடநூலாக வைத்துக் கற்றதைப் பெருமையுடன் சொல்பவர்களும் நாமே. மருந்தைத் தேடியவன் எந்தப் பள்ளியில் தொழுதான் என்று ஐரோப்பா அன்று கேட்கவில்லை. நாமும் கேட்க வேண்டியதில்லை.

1924இல் மீண்டும் எவரெஸ்ட் அழைப்பு வந்தது. நெய்யூரிலிருந்து புறப்பட்டுச் சென்றார். இம்முறை நிகழ்ந்தவற்றுள் மூன்றை மட்டும் குறிப்பிட வேண்டும்.

முதலாவது, வடகணவாயின் மேல்முகாமில் சுமைதூக்குவோர் நால்வர் பனியில் சிக்கிக்கொண்டனர். நார்ட்டன், மாலரி, சோமர்வெல் ஆகிய மூவரும் சிகர முயற்சியையே ஒத்திவைத்துவிட்டு அவர்களை மீட்கச் சென்றனர். சரியக்கூடிய பனிச்சரிவின் குறுக்கே கயிற்றின் முனை வரை சென்று, அதற்குமேல் கயிறு எட்டாத நிலையில் அதை அவிழ்த்துவிட்டுக் கைநீட்டி இருவரைப் பற்றி இழுத்தவர் சோமர்வெல். முந்தைய பயணத்தில் பறிகொடுத்த எழுவர் அவர் நெஞ்சில் இருந்திருப்பர் என்று கொள்வது மிகையாகாது.

இரண்டாவது, ஜூன் 4ஆம் நாள் நார்ட்டனுடன் ஏறியபோது ஏறத்தாழ 28,000 அடியில் தொண்டை அடைப்பால் அவர் நின்றுவிட நேர்ந்தது. நார்ட்டன் மட்டும் தனியே 28,126 அடி வரை சென்று திரும்பினார். செயற்கை உயிர்வளியின்றி அவ்வுயரத்தை மிஞ்ச 1978 வரை ஒருவராலும் இயலவில்லை. இறங்கும் வழியில் சோமர்வெல்லுக்கு மூச்சே நின்றுபோயிற்று. உறைபனியால் வெந்துபோன குரல்வளையின் உட்சவ்வு கழன்று மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. சாவு வந்துவிட்டது என்று பனியில் அமர்ந்தவர், கடைசி முயற்சியாகத் தம் மார்பை இரு கைகளாலும் பலமாக அழுத்தினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது. அவரை மருத்துவராக மட்டுமின்றி நோயாளியாகவும் ஆக்கிய கணம் அது. சில நாட்களுக்குப் பின் மாலரியும் இர்வினும் மேலேறி மறைந்தனர். மாலரியிடம் இருந்தது சோமர்வெல் கொடுத்தனுப்பிய சிறு கோடக் புகைப்படக் கருவி. 1999இல் மாலரியின் உடல் கண்டெடுக்கப்பட்டபோதும் அக்கருவி கிடைக்கவில்லை.

மூன்றாவதே நம் பொருளுக்கு நெருங்கியது. உயிர் பிழைப்பதே அரிதான அம்மலையிலும் அவர் ஏறத்தாழ 23,000 அடி உயரத்தில் மனிதர் வெளிவிடும் மூச்சின் கடைசிப் பகுதியைச் சேகரித்துக் கொணர்ந்து, நுரையீரல் காற்றின் சேர்மானம் அவ்வுயரத்தில் எவ்வாறு மாறுகிறது என்பதைப் பற்றி 1925இல் உடலியங்கியல் இதழொன்றில் குறிப்பு வெளியிட்டார். எங்கே சென்றாலும் அளந்து பார்க்க வேண்டும், எண்ணிப் பார்க்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும் என்னும் இயல்பு அவருடன் பிறந்தது போலும்.

அந்த இயல்புடன் அவர் நெய்யூருக்குத் திரும்பினார். 1925இல் மார்கரெட் ஹோப் சிம்ப்சன் என்னும் அம்மையாரை மணந்தார். மூன்று ஆண்மக்கள் பிறந்தனர்.

அக்கால நெய்யூர் மருத்துவமனையை நாம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். நோயாளியுடன் குடும்பமே வந்து தங்கும். அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சும். சாதி வேற்றுமை ஊன்றிக் கிடந்த திருவிதாங்கூரில், கோயில் நுழைவுப் பிரகடனம் 1936இல்தான் வந்தது. அதற்கு முன்பே அறுவை மேசையின் மீது எல்லாச் சாதியாரும் ஏறிப் படுக்க வேண்டியிருந்தது. நெய்யூரைத் தலைமையிடமாகக் கொண்டு பல ஊர்களில் கிளை மருத்துவமனைகள் இருந்தன. அவற்றுக்கும் சென்று அறுவை செய்வது அவர் கடமையாயிற்று.

வந்தவர்களுள் பெருந்தொகையினர் ஒரே வகை நோயைச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் எரிச்சல், நள்ளிரவில் வலி, எதையேனும் உண்டால் சற்றே தணிவு. ஆண்டுகள் செல்லச் செல்ல உண்டதெல்லாம் மாலையில் வாந்தியாக வெளிவரும். உடல் எலும்புக்கூடாகும். வயிற்றைத் திறந்து பார்த்தால் இரைப்பை பெருத்துத் தொங்கும். அதன் வாயிலுக்கு அப்பாலுள்ள முன்சிறுகுடல், புண் ஆறிய தழும்பால் சுருங்கி அடைபட்டிருக்கும். இங்கிலாந்தில் ஓர் அறுவை மருத்துவர் எப்போதாவது காணும் முற்றிய நிலையை, நெய்யூரில் அவர் நாளும் கண்டார். நோயாளிகளுள் ஆண்களே மிகுதி. வயலிலும் கடலிலும் உழைத்துக் குடும்பத்தைக் காக்க வேண்டிய வயதினர். அந்த ஒருவர் படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

அடைபட்ட வழியைச் சீர்செய்ய முயலாமல், இரைப்பையைக் கீழேயுள்ள சிறுகுடலுடன் நேரே இணைத்துப் புதுவழி அமைப்பதே அவர் பெரிதும் கையாண்ட முறை. பட்டினியால் மெலிந்த உடல் தாங்கக்கூடிய அறுவை அது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் பெரிய அறுவையை மேலைநாட்டார் விரும்பினர். ஆனால் குருதி ஏற்றும் வசதி அரிதாயிருந்த காலத்தில் அது நம் நோயாளிகளுள் பலரைக் கொன்றிருக்கும். தம் நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவர் நூலில் தேடவில்லை. வயிற்றைத் திறந்து பார்த்துக் கற்றார்.

ஆயினும் அறுவையோடு நிறைவடைந்திருந்தால் அவரை நாம் கைதேர்ந்த மருத்துவர் என்று மட்டுமே சொல்லியிருப்போம். காரணத்தை அறிய வேண்டும் என்று அவர் உறுத்தப்பட்டார். ஒரே மன்னராட்சியில், ஒரே வெயிலில், ஒரே மழையில் வாழும் மக்களுள் ஏழைக்கே ஏன் இந்நோய் மிகுதி? பஞ்சாபில் அரிதாகக் காணப்படுவது திருவிதாங்கூரில் ஏன் இவ்வளவு? அவர் பார்வை உணவின் மீது விழுந்தது. நம் வட்டாரத்து ஏழையின் அன்றாட உணவு யாது என்பதை நம் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். அவித்த மரச்சீனிக் கிழங்கு; வாய்த்த நாளில் அரிசிக் கஞ்சி; கடல் தந்தால் சாளை மீன்; புளியும் முளகும் அரைத்த கறி. பசியை அடக்க மரச்சீனி போதும். உடலை வளர்க்கப் போதாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்துக்கு மாற்றாகத் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்குவித்த பயிர் அது. பட்டினிச் சாவைத் தடுத்த கிழங்கே பின்னர் ஐயத்துக்குள்ளானது வரலாற்றின் விந்தை.

ஏறத்தாழ அதே காலத்தில் குன்னூரில் உணவு ஆராய்ச்சி நடத்திய இராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல்வேறு பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்கு அளித்துப் பார்த்தார். திருவிதாங்கூர் ஏழையின் மரச்சீனி உணவைத் தின்ற எலிகளிடையே வயிற்றுப்புண் மிகுதியாகத் தோன்றியது. சீக்கியரின் கோதுமையும் பாலும் கலந்த உணவைத் தின்றவை நலமாயிருந்தன. ஆய்வுக்கூடத்து எலியும் அறுவை மேசையின் மனிதனும் ஒரே செய்தியைச் சொல்வதாகத் தோன்றிற்று. சோமர்வெல்லும் அவருடைய உடன்பணியாளர் டாக்டர் இயன் ஓரும் 1936இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் முன்சிறுகுடல் புண்ணின் காரணம், இயல்பு, பின்விளைவுகள் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டனர். இலண்டன் பேராசிரியர்கள் நெய்யூர் என்ற பெயரை ஆய்விதழில் கண்டது அப்படித்தான்.

ஓர் தனியாகச் செய்த மற்றொரு பணியையும் இங்கே சொல்லாமல் செல்ல இயலாது. வெற்றிலையுடன் புகையிலை அடக்கும் பழக்கத்தால் திருவிதாங்கூரில் வாய்ப்புற்று பெருகியிருப்பதை அவர் 1933இல் லான்செட் இதழில் விளக்கினார். புகையிலையின் தீமையை உலகம் ஒப்புக்கொள்ளப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. அவ்வெச்சரிக்கை வெளிவந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் திருமண வீடுகளில் தாம்பூலத் தட்டில் புகையிலை வைப்பதை இன்னும் முழுமையாக விட்டபாடில்லை. பின்னாளில் நெய்யூர் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் பெயர்பெற்ற இடமாயிற்று.

சோமர்வெல் வயிற்றை விடவில்லை. 1945இல் அதே பிரிட்டிஷ் இதழில் புதியதொரு முறையை எழுதினார். புண்ணுக்கு மூலமான அமிலத்தைக் குறைக்க இரைப்பையை வெட்டியெறிவானேன்? அதற்குக் குருதி கொணரும் தமனிகளுள் சிலவற்றைக் கட்டிவிட்டால் அமிலம் சுரப்பது தானே குறையும் அன்றோ என்பது அவர் வாதம். உறுப்பை இழக்காமலே உறுப்பை இழந்த பயனைப் பெறுவது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் டிராக்ஸ்டெட் என்பவர் இரைப்பைக்குச் செல்லும் நரம்பை வெட்டி அதே நோக்கத்தை நிறைவேற்றிக்கொண்டிருந்தார். வென்றது அம்முறையே. நெய்யூரின் முறை நூல்களுக்குள் ஒதுங்கிவிட்டது. ஆனால் அது எத்தகைய மனத்திலிருந்து பிறந்தது என்பதை நோக்க வேண்டும். வசதியற்ற மருத்துவமனையில், மெலிந்த நோயாளிக்கு, குறைந்த சேதத்துடன் எதைச் செய்யலாம் என்று ஓயாது எண்ணிய மனம் அது. 1948இல் இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது.

ஆங்கில அரசு 1938இல் அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. அதற்கு முன்பே 1924இல், பிரான்சின் சாமோனி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், 1922 மலையேற்றக் குழுவினர் என்ற முறையில் பதக்கம் பெற்றவர்களுள் அவரும் ஒருவர். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற ஒருவர் நெய்யூரில் நம் முன்னோரின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாடு விடுதலை பெற்றபின் பல ஆங்கிலேயர் மூட்டை கட்டினர். அவர் கட்டவில்லை. 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவ ஆசிரியராகச் சேர்ந்து, நெய்யூரில் கைகள் கற்றதை இளைஞர்களுக்குச் சொல்லித் தந்தார். 1961இல் ஓய்வுபெற்றுத் தாயகம் சென்றார். 1962 முதல் 1965 வரை இலண்டன் ஆல்பைன் கழகத்தின் தலைவராக இருந்தார். 1975ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், தாம் பிறந்த ஏரி நாட்டிலுள்ள ஆம்பிள்சைடில் காலமானார். குமரி மாவட்ட எல்லையையொட்டிய காரக்கோணத்தில் 2002இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் தேடிய காரணம் என்னவாயிற்று? அவர் மறைந்து எட்டாண்டுகளுக்குள், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன், மார்ஷல் என்னும் இருவர், வயிற்றுப்புண்ணுக்குப் பெரிதும் காரணம் இரைப்பையில் வாழும் சுருள் வடிவ நுண்ணுயிர் ஒன்றே என்று காட்டத் தொடங்கினர். மருத்துவ உலகம் நம்பவில்லை. மார்ஷல் அந்நுண்ணுயிர்க் கரைசலைத் தாமே குடித்து நோயுற்றுக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நெய்யூரில் ஆயிரமாயிரம் பேரின் வயிற்றைத் திறந்து தைத்த நோய்க்கு, இன்று இரண்டு வார மாத்திரை பெரும்பாலும் போதுமானதாயிற்று. சோமர்வெல்லின் கத்தி முறைகளுள் பெரும்பாலானவை இன்று தேவைப்படுவதில்லை.

அப்படியானால் மரச்சீனியைப் பற்றிய அவர் ஐயம் பொய்யா? இவ்விடத்தில்தான் கதை மாணவர்களின் கவனத்துக்குரியதாகிறது. மைசூரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய ஃபிராங்க் டோவி என்பார் 1970களில் இந்தியாவின் பல பகுதிகளில் இந்நோயின் பரவலைத் தேடித் தொகுத்தார். அரிசியும் மரச்சீனியும் உண்ணும் தெற்கில் புண் மிகுதி. கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவு. பின்னர் நுண்ணுயிர் கண்டறியப்பட்டபோது, அது வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ ஒரே அளவில் மக்களிடம் குடியிருப்பது தெரிந்தது. நுண்ணுயிர் இரு பக்கத்திலும் ஒன்றே. புண் மட்டும் ஒரு பக்கத்தில் மிகுதி. சில உணவுகளில் உள்ள கொழுப்புப் பொருள்கள் குடலின் உட்சவ்வைக் காக்கின்றனவோ என்று டோவி தம் முதுமை வரை ஆராய்ந்துகொண்டிருந்தார். அக்கேள்விக்கு இன்னும் முற்றான விடை கிடைத்துவிடவில்லை.